அப்பா எழுதி முடிக்காத வரி

சென்னை,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் எழிலரசிக்கு,

அம்மா ஆசியுடன் எழுதுவது. வேளைக்குச் சாப்பிடுகிறாயா? இதைப் பழனிவேல் மாமாவிடம் கொடுத்துச் சிதம்பரத்துக்கு அனுப்புகிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், நீ பயந்துவிடுவாய்.

அப்பாவின் ரத்தத்திலிருந்து செல்களை எடுத்து, புற்றுநோயைத் தேடித் தாக்கும்படி மாற்றி, போன வாரம் திரும்ப ஏற்றினார்கள் அல்லவா? அவை உடம்பில் எங்கே போகின்றன என்று பார்க்க நேற்று ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் கட்டி இருக்கும் இடத்திலேயே திரண்டிருக்கின்றனவாம். டாக்டரம்மா படத்தைக் காட்டிச் சிரித்தார். காய்ச்சல் கொதிக்கும்போதும் உன் அப்பா, "மோட்டார் புடிச்சிக்கிச்சி புள்ள, இனிமே ஓடும்" என்றார். கடலூர் துறைமுகத்தில் படகு இன்ஜின் பார்க்கிறவருக்கு வேறென்ன தோன்றும்!

இந்தச் சிகிச்சை சிலருக்கு மூளையையும் தாக்குமாம். அதைக் கண்டுபிடிக்கத் தினமும் காலையில் ஒரு வரி எழுதச் சொல்வார்கள். இன்று "கடலூரில் மழை" என்று எழுதியவர், அதற்குமேல் வெறுமனே கிறுக்கிக்கொண்டிருந்தார். நர்ஸ் என்னைக் காட்டி யார் என்று கேட்டார். அப்பா என்னை வெறித்துப் பார்த்துவிட்டு, "எழிலு எங்க?" என்றார்.

உடனே ஐ.சி.யூ.வுக்கு மாற்றினார்கள். மூளையைக் காப்பாற்ற வீக்கத்தை அடக்கும் மருந்தைக் கூட்ட வேண்டும், ஆனால் அதில் நோயோடு சண்டை போடும் செல்களும் அடங்கிப்போகலாம் என்றார் டாக்டரம்மா. என் சம்மதம் கேட்டார். நேற்றுப் பார்த்த படம் கண்ணுக்குள்ளேயே நின்றது. "உசுரு இருந்தா மத்தத பாத்துக்கலாம், போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். செய்தது சரியா என்று தெரியவில்லை. பெரும்பாலும் நினைவு திரும்பிவிடும் என்கிறார்கள். செல்கள் மிச்சம் இருக்கின்றனவா என்று வெள்ளிக்கிழமை மறுபடியும் ஸ்கேன் எடுப்பார்கள்.

எது நடந்தாலும் பரீட்சை முடியும்வரை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அதை மீறித்தான் எழுதுகிறேன். மத்தியானம் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். உதடு அசைந்தது. உன் பெயரைத்தான் சொல்கிறார் என்றார் நர்ஸ்.

மாமா விடுதி வாசலிலேயே நிற்பார். படித்ததும் அவரோடு கிளம்பு. பரீட்சையை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம் கண்ணு. வழியெல்லாம் அழுதாலும், முகத்தைக் கழுவிக்கொண்டு அப்பா முன்னால் போய் நில். என்னைத் தெரியாவிட்டால் பரவாயில்லை. உன்னைத் தெரிந்தால் போதும்.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். சீக்கிரம் வா.

உன் அம்மா,
புஷ்பவள்ளி