ஒன்றரை மடங்கு

பிப்ரவரி 3, 2025 — மூக்கண்டப்பள்ளி

மறுபடியும் ஒன்றரை. ஈர்ப்பை வைத்துக் கணக்குப் போட்டால், வர வேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு வருகிறது. இரண்டாகவோ பாதியாகவோ வந்திருந்தால் எங்காவது கைதவறியிருக்கும் என்று தேடலாம். ஒன்றரைக்கு எங்கே போய்த் தேடுவது?

பிப்ரவரி 9

கௌதமுக்கு லீவு. கல்யாணமானதிலிருந்து முதல் முறையாகக் கேட்டார்: "நீ என்னாதான் பண்ற, எனக்கும் புரியற மாதிரி சொல்லேன்."

சொன்னேன். ஓர் உலகம். உள்ளே ஈர்ப்பு விசை உண்டு, கருந்துளைகூட இருக்கலாம். அதன் எல்லையிலோ ஈர்ப்பே கிடையாது, குவாண்டம் புலங்கள் மட்டும். இரண்டும் ஒரே விஷயத்தை இரண்டு பாஷையில் சொல்கின்றன என்கிறது இழைக் கோட்பாடு. அப்படியானால் எந்தப் பக்கம் கணக்குப் போட்டாலும் விடை ஒன்றாகத்தான் வர வேண்டும்.

"உனக்கு ஒண்ணா வரல?"

வரல.

"அப்ப தியரி தப்பா?"

நான்தான் தப்பு என்றேன். மனுஷன் பேச்சை மாற்றி, சாயந்திரம் பானிபூரி வாங்கிக் கொடுத்தார்.

பிப்ரவரி 13

என் ஆராய்ச்சி வழிகாட்டி பூபதி சார் சொல்லிவிட்டார்: "மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. வரலைன்னா வேற ப்ராப்ளம் எடுத்துக்கலாம்." வேறு என்றால் இத்தனை வருட உழைப்பும் குப்பையில்.

கிருஷ்ணகிரியில் நீட் கோச்சிங் சென்டர் நடத்தும் முனிலட்சுமி மேடத்திடம், பாடம் எடுக்க மார்ச்சில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். பிஎச்.டி. போதும். அழவில்லை. பொய், அழுதேன்.

பிப்ரவரி 18

எழுத எதுவும் இல்லை.

பிப்ரவரி 21

பெங்களூர் பஸ்ஸில் தங்கை மோகனப்ரியாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். வழக்கம்போல கர்நாடக எல்லையில், அத்திப்பள்ளியில் நெட்வொர்க் மாறி, முக்கியமான இடத்தில் கட். திரும்பக் கூப்பிட்டுத் திட்டினாள். "எத்தன வாட்டிக்கா சொல்றது? பார்டர்ல போய் நின்னுகிட்டு ஆரம்பிக்காத. இந்தப் பக்கம் ஜூஜூவாடியிலயே பேசி முடிச்சிட்டு அப்புறமா தாண்டு."

சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

நானும் எல்லையில் போய் நின்றுகொண்டுதானே ஆரம்பித்திருக்கிறேன்? புலத்தின் மதிப்பை எல்லையிலேயே வைத்தேன் — அங்கேதான் எல்லாம் முடிவிலிக்கு ஓடுகிறதே. கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்து, கணக்கை முழுதாக முடித்துவிட்டு, அதற்கப்புறம் அல்லவா எல்லைக்குப் போக வேண்டும்? பாடப் புத்தகத்திலேயே இருக்கிற எச்சரிக்கை. அடிப் பாவி.

பிப்ரவரி 22

புதிதாக மூன்றில் இரண்டு என்று ஒரு பெருக்கெண் வந்தது. ஒன்றரையோடு பெருக்கினால் சரியாக ஒன்று. நம்பாமல் முதலிலிருந்து போட்டேன். ஒன்றுதான்.

நைட் ஷிஃப்ட் முடிந்து காலையில் வந்த கௌதமைத் தூங்கவிடவில்லை. ஈர்ப்புக் கணக்கு ஒன்று, எல்லைக் கணக்கு ஒன்று என இரண்டு தாள்களின் விடைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்குது" என்றார். ஆமாம், அதுதானே விஷயம்! சந்தோஷம் தாங்கவில்லை.

பிப்ரவரி 26

பூபதி சார் வரி வரியாகப் பார்த்தார். "இந்தக் குழியில நானும் விழுந்திருக்கேன். எழுத ஆரம்பிங்க, பேப்பராப் போட்டுடலாம்."

மார்ச் 3

முனிலட்சுமி மேடத்துக்குப் போன் செய்தேன். வேலைக்கு வரவில்லை, பிஎச்.டி.யை முடிக்கப் போகிறேன், மன்னிக்க வேண்டும் என்றேன்.

"அய்யோ, ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சேம்மா. போட்டோ எல்லாம் போட்டு."

பேரை எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"'டாக்டர் சரிதா'ன்னு. 'டாக்டர்' ஒரு கெத்துக்கு நாங்களே போட்டுக்கிட்டோம்."

"பத்திரமா எடுத்து வைங்க மேடம்" என்றேன். "அடுத்த வருஷம் நானே வந்து வாங்கிக்கறேன்."