ஜெபக்குமாரின் கன்னம்

அன்புள்ள ஆத்தாவுக்கு, ஷார்ஜாவிலிருந்து சேவுகன் வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

மஞ்சள்காமாலையில் இளைத்துப்போன கீரனூர் ஜெபக்குமார் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார். அம்மா பயப்படக்கூடாதென்று, தன் படத்தில் கன்னத்தை உப்பலாக்கித் தரச் சொன்னார். கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தேன். அதைப் பார்த்த அம்மா போனில் அழுதுவிட்டாராம்.

"மொகம் வீங்கிக் கெடக்கே, ஒனக்கு என்னய்யா செய்யுது?"

வேறு வழியில்லாமல் வீடியோவில் நிஜ முகத்தைக் காட்டி, நோய் வந்ததையும் குணமானதையும் சொல்லியிருக்கிறார்.

"இப்பத்தான்யா நீயா தெரியிற" என்றாராம் அம்மா. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஊருக்கு வரும் அவரிடமே இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அவர் திரும்பும்போது எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்புங்கள். தங்கச்சி அருணாவிடம் சொல்லி உங்களை ஒரு படம் எடுத்தும் அனுப்புங்கள், அடுப்படியில் நின்றால் போதும். என் படமும் இதில் இருக்கிறது. கொஞ்சம் இளைத்திருக்கிறேன், ஆனால் படத்தில் கை வைக்கவில்லை.

ஜெபக்குமாரின் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகன்
சேவுகன்