செருப்பு மாட்டும் நேரம்

புரட்டாசி, செவ்வாய் இரவு.

முசிறியிலிருந்து வரும் சர்க்கரை நோயாளி அம்மாளிடம், "கால்ல புண் ஏதும் இருக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க டாக்டரம்மா" என்றார். நம்பி அனுப்பிவிட்டேன். தற்செயலாக வாசலைப் பார்த்தால், செருப்பு மாட்ட முடியாமல் தவிக்கிறார். பெருவிரல் கறுத்திருந்தது.

"ஏங்க சொல்லலை?"

"உங்க முன்னாடி காலை நீட்டுறதாங்க?"

தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்தேன். பதறிப்போய்க் கும்பிட்டார். அந்த விரல் தப்புமா, தெரியவில்லை.

ஸ்ரீரங்கத்தில் இதே கிளினிக்கில் எனக்கு முன் டாக்டராக இருந்த அப்பா ஒவ்வொரு நோயாளியோடும் வாசல்வரை போவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர்கள் செருப்பு மாட்டி முடிக்கும்வரை தலைகுனிந்து நிற்பார். இத்தனை வருஷமும் அதைப் பணிவு என்றே நினைத்திருந்தேன். அப்பா கால்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.