அத்தான் பேசாத படம்

14 ஜனவரி 1986, ரண்டர்ஸ், டென்மார்க்

இன்றும் ஒரு வரி எழுதவில்லை. காரணம் அத்தான்.

பிரெஞ்சு நகைச்சுவைப் படங்களின் வளர்ச்சி – என் கட்டுரை. அடுத்த மாதம் ஓகூஸ் பல்கலைக்கழகத்தில் படம் போட்டுக் காட்டிப் பேச வேண்டும். தேறாவிட்டால் படிப்பு அவ்வளவுதான். அக்காவுக்கு விளங்கப்படுத்தினேன். அக்கா அத்தானுக்குச் சொன்னாள். அத்தான் தேநீரோடு வந்து என் பக்கத்திலேயே இருந்துவிட்டார்.

வீடியோவில் ஊமைப்படம். ஒருவன் அலமாரியைச் சுமந்துகொண்டு மாடிப்படி ஏறுகிறான்.

"பார் யசிந்தா, விழப்போறான்... விழுந்திட்டான்! நான் சொன்னனான் எல்லோ!"

19 ஜனவரி

அலமாரிக்காரனுக்கு அத்தான் பெயரும் வைத்துவிட்டார். பஸ்தியாம்பிள்ளை. மாமியாரோடு பிணக்காம். அலமாரி சீதனமாம். யார் சொன்னது?

23 ஜனவரி

கட்டுரைக்கு இன்று எழுதியது: முதலில் உடல் விழுந்தது. பிறகு வாய் பேசியது. நெடுங்காலத்தின் பின் உடல் திரும்பி வந்தபோது, வசனத்தைவிடக் கதவின் கிறீச்சொலி சிரிப்பூட்டியது. இப்போது எல்லோரும் சாப்பாட்டு மேசையில் சண்டை பிடிக்கிறார்கள்.

நல்ல வரிகள். ஆனால் படத்தைப் போட்டால் அத்தானின் குரல்தான் கேட்கிறது.

2 பெப்ரவரி

கத்திவிட்டேன். "அத்தான், ஒருக்கா வாயை மூடுங்கோவன்! இது ஊமைப்படம்!"

கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார். "படிக்கிற பிள்ளை. பிழை என்னிலதான்." அக்கா என்னோடு கதைக்கவில்லை.

அமைதி. இதைத்தானே கேட்டேன்?

11 பெப்ரவரி

பனி. பஸ் ஓடவில்லை. அத்தான்தான் காரில் கொண்டுபோனார். கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

ஆங்கிலத்தில் பேசினேன். பிறகு படம். ப்ரொஜெக்டர் மட்டும் இரைகிறது. அலமாரி படியேறுகிறது. யாரோ இருமினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. பேராசிரியர் பேனையை மூடி வைத்தார். முடிந்தது, எல்லாம் முடிந்தது – அத்தானைப் பார்த்தேன். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார். எனக்காக அடக்குகிறார்!

எப்படி எழுந்தேனோ. திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இவர் பஸ்தியாம்பிள்ளை, அது சீதன அலமாரி, மேலே மாமியார் நிற்கிறா, இப்போது விழப்போகிறார் –

அவன் விழுமுன்பே சிரித்தார்கள்.

பேராசிரியர் கேட்டார்: "அந்தக் காலத்தில் இப்படித் திரையருகே நின்று கதை சொல்கிறவர்கள் இருந்தார்கள். அதை ஏன் கட்டுரையில் எழுதவில்லை?"

தேறிவிட்டேன்.

12 பெப்ரவரி

பின்னேரம் வேறொரு படம். அத்தான் மூச்சுக் காட்டாமல் பார்க்கிறார். ஒருவன் ஏணியில் ஏறுகிறான். ஏறிக்கொண்டே இருக்கிறான். பொறுக்க முடியவில்லை.

"அத்தான், இவருக்கு என்ன பேர்?"