ஐந்து பேருக்கு ஐம்பது மார்க்

அக்டோபர் 13, திங்கள்

காலையில் வெயில், மதியம் இடி. உதியன்குளங்கரையில் பஸ் இறங்கி நனைந்தே வீடு.

ரேகா மிஸ் புதுப் பாடம். குழுவில் பேசி முடிவெடுப்பது, சண்டையைக் கையாள்வது. ஐந்து விதமாம்: மோதுவது, ஒத்துழைப்பது, சமரசம், விட்டுக்கொடுப்பது, ஒதுங்கிப்போவது. கேள்வித்தாள் நிரப்பினோம். எனக்கு வந்தது ‘விட்டுக்கொடுப்பவர்’. பக்கத்தில் ஷைனி, “இதுக்கு தாளு எதுக்கு? என்னட்ட கேட்டா பறஞ்சிருப்பேனே” என்றாள். முதல் வருஷத்திலிருந்து ஒரே பெஞ்சு நாங்கள்.

பிறகு மிஸ் போட்டார் குண்டு. போன வாரம் ஸ்லைடு போட்டுக் காட்டிய ப்ராஜெக்டுக்கு, குழுவுக்கு மொத்தம் 50 மார்க். யாருக்கு எவ்வளவு என்று ஐந்து பேரும் பேசிப் பிரித்து, ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை பெல் அடிப்பதற்குள் ஒரு கையெழுத்து குறைந்தாலும் எல்லாருக்கும் பூஜ்யம். விளையாட்டு இல்லை, இன்டர்னலில் சேருகிற மார்க்.

அம்மை போட்டதால் நான் முதல் டெஸ்ட் எழுதவில்லை. இதில் 10 வேண்டும். 9 என்றாலும் பேப்பர் போச்சு. கூடவே ஒரு வருஷம்.

அக். 14, செவ்வாய்

கேன்டீன். குழு கூடியது. அனூப்தான் தலைவன். யாரும் ஆக்கவில்லை, பேனா அவன் கையில், அவ்வளவுதான்.

அவனுக்கு 14. ஸ்லைடு எல்லாம் செய்தானாம்! (செய்தது நான். மூன்று நாள். கண் எரிச்சல் இன்னும் போகவில்லை.) மற்ற இரண்டு பேருக்கும் 11, 11. ஷைனி 10 கேட்டாள், எழுதினான்.

“ஜெபாவுக்கு எத்ற வேணும்?”

வாய்க்குள் பத்து ரெடியாக இருந்தது. வெளியே வந்தது: “எனக்கு எவ்வளவு ஆனாலும் சரி.”

விருந்துக்குப் போன வீட்டில் சொல்கிற பேச்சு! மூதேவி நான்.

“அப்போ நாலு மதி. கறெக்ட் அம்பது.” எனக்கு நாலு போதுமாம். பருப்புவடை தின்னப் போய்விட்டான்.

அக். 15, புதன்

அனூப்பிடம் கேட்கப் போனது:
1. லைப்ரரி வாசல். ஃபோனில் இருந்தான். திரும்பி வந்தேன்.
2. பைக் ஸ்டாண்ட். “எந்தா ஜெபா?” “ஒண்ணுமில்ல. மழை வருமா?”
3. வாட்ஸ்அப். டைப் செய்தேன், அழித்தேன். ஏழு தடவை.

சாயங்காலம் அம்மா கப்பைக் கிழங்கு நறுக்கிக்கொண்டே, “டிகிரி பாஸானவங்க பேரை சர்ச்சில வாசிப்பாவல்லா. அண்ணன் பாதியில விட்டான். உனக்க பேரையாவது கேக்கணும் மக்கா” என்றாள். உண்டு உண்டு என்று தலையாட்டினேன்.

அக். 16, வியாழன்

மிஸ்ஸிடமே போனேன். “அதை நீங்க உள்ள பேசி தீர்க்கணும் ஜெபா. அதாக்கும் பாடம்.” பாடமாம். என் ஒரு வருஷம் இவருக்குப் பாடம்.

பஸ் ஸ்டாண்டில் ஷைனியிடம் எல்லாம் சொன்னேன். பாதியில் அழுகை வந்துவிட்டது. அவள் முகமும் வாடியது. “எனக்கும் சரியா பத்து வேணும் ஏட்டி. அப்பா விழுந்தப்ப ஆஸ்பத்திரியிலயே கெடந்தேன்லா, அட்டெண்டன்ஸ் மார்க்கு ஒண்ணுமில்ல.”

இது எனக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

“நீ கரையாத, கண்ணைத் துடை. நாளைக்கு அனூப்பிட்ட கேப்போம். நானும் கூட உண்டு” என்றாள். வெள்ளறடை பஸ் வந்தது, ஓடினாள்.

அக். 17, வெள்ளி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

பெல்லுக்குப் பத்து நிமிஷம். மூன்று பேர் கையெழுத்துப் போட்டாயிற்று. தாள் என் முன்னால். பேனாவை எடுக்கவில்லை.

“ஒப்பிடு ஜெபா, சமயமில்ல.” கையெழுத்துக்கு அவசரப்படுத்தினான் அனூப்.

ஷைனி முழங்கையால் இடித்தாள். “கேளு ஏட்டி.”

திரும்பினேன். அனூப் பக்கம் இல்லை. அவள் பக்கம். “உனக்கு எதுக்கு பத்து? ஒரு ஸ்லைடு செய்தியா நீ? கேக்கேன்லா, ஒண்ணாவது உண்டா?”

அப்படி ஒரு சத்தம் எனக்கு உண்டென்று எனக்கே தெரியாது. முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நிங்க ரெண்டாளும் தம்மில் மாத்திக்கோ. எனக்கு ப்ரஷ்னமில்ல” என்றான் அனூப்.

ஷைனி என்னைப் பார்த்தாள். பேனாவை எடுத்து அவளுடைய 10-ஐ அடித்து 4 போட்டாள். என் 4-ஐ அடித்து 10. கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினாள். நானும் போட்டேன். போட்டேனே!

மிஸ் தாளை வாங்கி, “ஜெபா வாய் திறந்தாச்சே, குட்” என்று சிரித்தார்.

அனூப்பின் 14 அப்படியே இருக்கிறது. அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் என்ன நினைப்பானோ என்று பயம். ஷைனியிடம் அந்தப் பயம் கிடையாது.

பஸ் ஸ்டாண்டில் “ஷைனி” என்றேன். “மழை வருது, வீட்டுக்குப் போ” என்றாள். கோபமாகக்கூட இல்லை.

அக். 18, சனி

மழை இல்லை. துணி துவைத்தேன்.

அம்மாவிடம் பத்து கிடைத்தது என்றேன். “ஸ்தோத்திரம்” என்று கையைத் துடைத்துக்கொண்டு என் தலையில் வைத்தாள். “ஷைனிக்கு எத்ற மக்கா?”

குளிக்கப் போய்விட்டேன்.