டிரம்மில் இருந்ததற்குப் பெயர்

அக்கா,

இன்று காலை உக்கடத்தில் பஸ் ஏறும்போது, பக்கத்தில் நின்ற பெண்ணின் சேலையிலிருந்து அந்த இனிப்பு வாசனை வந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு வரும் பம்ப் பாகங்களை நாம் முக்கிக் கழுவுவோமே, அந்த டிரம் தண்ணியின் வாசனை. அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்கு நின்றேன்.

நம் சூலூர் கம்பெனியில் அதற்குப் பெயரே கிடையாது. டிரம்மில் ஒட்டியிருக்கும் சீட்டை முதலாளியே கிழித்துவிடுவார். எங்கே வாங்குகிறார் என்று பக்கத்துக் கம்பெனிக்காரருக்குத் தெரிந்துவிடக் கூடாதாம். நாம் அதைக் 'கழுவற தண்ணி' என்றோம். தலை சுற்றினால் வெளியே போய் மோர் குடித்துவிட்டு வருவோம். அது என்னவென்று முதலாளியிடம் கேட்கச் சொன்னால், "நம்ம புள்ள கல்யாணத்துக்குக் குடும்பத்தோட வந்து நின்ன மனுசன் அம்மணி, அவரைப் போயி சங்கடப்படுத்தறதா?" என்பீர்கள்.

தொழிற்சாலைகளைச் சோதிக்கிற இன்ஸ்பெக்டர் வருவது முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்றைக்கு மட்டும் கையுறை, மாஸ்க். சாயங்காலம் திரும்ப வாங்கிப் பூட்டிவிடுவார்கள். "தினமும் குடுக்கறாங்களாம்மா?" என்று அவர் உங்களைத்தான் கேட்டார். "குடுக்கறாங்க சார்" என்றீர்கள். அட கடவுளே, யார் மனம் நோகக்கூடாதென்று அப்படிச் சொன்னீர்கள்? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கண் மஞ்சளாகி, தோலெல்லாம் தடித்து நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, என்ன கெமிக்கலில் வேலை என்று டாக்டர் கேட்டார். உங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், நான் முதலாளியைப் பார்த்தேன். சொந்தக் காரில் உங்களைக் கூட்டிவந்தவர் அவர்தான். "சும்மா எண்ணெய் போக்கற தண்ணிங்க டாக்டர்" என்றார். வெறும் மஞ்சள்காமாலை என்று வைத்தியம் நடந்தது. கொஞ்சம் தேறியதும் அதே டிரம்முக்குத் திரும்பி வந்தீர்கள். இரண்டாம் முறை படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அடுத்த சோதனைக்கு இன்ஸ்பெக்டர் வந்தபோது நானே கேட்டேன். "ஏனுங்க சார், இதுல என்னங்க இருக்குது?"

"ஆபீஸ்ல மாட்டியிருக்குதேம்மா."

மாட்டித்தான் இருந்தது, முதலாளியின் நாற்காலிக்குப் பின்னால், ஆங்கிலத்தில். இன்ஸ்பெக்டரையே படித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். ட்ரைகுளோரோஎத்திலீன். தலைச்சுற்றல், தோல் தடிப்பு, ஈரல் பாதிப்பு. பாதிப்பு கண்டவரை மறுபடி அதன் பக்கம் விடக்கூடாது. அந்த வரி வந்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. ஆனாலும், சட்டப்படி மாட்டியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார்.

அந்த வாரமே என்னை நிறுத்திவிட்டார்கள். இப்போது வேறு கம்பெனி. சேர்ந்த அன்றே டிரம்மைக் காட்டி, இது என்ன, தமிழில் சொல்லுங்கள் என்று கேட்டேன். சொல்லும்வரை கை வைக்கவில்லை. மரியாதை தெரியாதவள் என்று பேர் வாங்கிவிட்டேன், அக்கா. உங்களிடம் அந்த மரியாதை நிறைய இருந்தது. எனக்கு வேண்டாம்.