ஆக்சிஜன் வால்வில் தடவிய எண்ணெய்

என் செல்லச் சுமதிக்கு,

நேற்று உன் கம்பெனியில் ஆயுத பூஜை. போய்விட்டு வந்தேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லையடி.

கடலைத்தோலையும் கரும்புச் சக்கையையும் அமுக்கி பாய்லருக்கு எரிகட்டி செய்கிற கம்பெனியில் உனக்கு லேப் வேலை கிடைத்த அன்று, என் அடுப்படியில் உட்கார்ந்து எல்லாம் சொன்னாய். எரிகட்டியில் துளி எடுத்து, மாத்திரை போல அமுக்கி, கனத்த எஃகுக் குடுவைக்குள் வைத்து, ஆக்சிஜனை அழுத்தி நிரப்பி, தண்ணீருக்குள் இறக்கி, கரண்ட் கொடுத்து எரிப்பாயாம். தண்ணீர் எவ்வளவு சூடேறியதோ, அதை வைத்து எரிகட்டியின் வெப்பத்தைக் கணக்குப் போடுவாயாம். பாம் கலோரிமீட்டர் என்று பேர் சொன்னாய்.

"பேரே பாமா? வேற வேலயே கெடைக்கலியாடி உனக்கு?"

"பாம் ஒண்ணும் பண்ணாதுக்கா. உன் வரவு செலவு மாதிரிதான். உள்ள எரிஞ்ச சூடு தண்ணிக் கணக்குல வந்தே ஆவணும். ஆக்சிஜன் சிலிண்டர் பக்கம் எண்ணெ மட்டும் போவக்கூடாது. வால்வுல பட்டுச்சுன்னா தானா பத்திக்கும்."

எட்டாவதோடு நின்ற எனக்கு அது ஒரே தடவையில் புரிந்தது. தலைக்கு எண்ணெய் வைத்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் நீ வேலைக்குக் கிளம்பியதில்லை. சிலிண்டருக்கு மேலே சுவரில் 'எண்ணெய் கூடாது' என்று பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தாய். படித்த மேனேஜருக்கு அது கண்ணில் படவில்லையா?

போன வருஷ ஆயுத பூஜைக்கு நீ போகவில்லை. வீட்டுக்கு விலக்கு, பூஜை நடக்கிற இடத்தில் நிற்கக் கூடாது என்று நீயாகவே லீவு சொன்னாய். விலக்கெல்லாம் முடிந்து, தலைக்குக் குளித்து, சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனாய். போனதும் சிலிண்டர் வால்வைத் திருகியிருக்கிறாய். தீ உன் முகத்தில்தான் அடித்தது. திருகும்போது உனக்கு எண்ணெய் வாசனை வரவில்லையா, கண்ணு?

உன் காரியத்துக்கு மேனேஜர் பழத்தட்டோடு வந்தார். கூடியிருந்த சொந்தக்காரர்கள் முன்னால் சொன்னார்: "சாமி குத்தம்மா. பொண்ணு தீட்டோட மெஷின தொட்டுடுச்சு. அதான் காவு வாங்கிடுச்சு." நம் சித்தப்பாகூடத் தலையாட்டினார். தீட்டென்று ஒதுங்கி நின்றவள் மேல் தீட்டுப் பழி! அன்று எனக்கு நாக்கு எழவில்லை. அழுதுகொண்டிருந்தேன்.

நேற்று எழுந்தது. உன் இடத்துக்கு கவிதா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளிடம் எண்ணெய்ச் சமாசாரத்தைச் சொல்லிவிட்டு, பூஜையையும் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். லேப் வாசலில் வாழைக்கன்று, உள்ளே ஊதுவத்திப் புகை. பெருக்கித் துடைக்கிற ராணி, தேங்காயெண்ணெய்க் கிண்ணமும் துணியுமாக சிலிண்டரின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏய், கைய எடுடி!" என்று கத்தினேன். மேளம்கூட நின்றுவிட்டது.

"இன்னாம்மா கத்தற? பளபளன்னு இருக்கணும்னு மேனேஜர் சொன்னாரு. அந்தச் சுமதிப் பொண்ணு இருந்தா கிட்டவே வுடாது. போன வருஷம் அது வரல, நல்லா தொடச்சேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே உறைத்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கு யார் சொன்னார்கள்?

மேனேஜர் ஓடி வந்தார். "பூஜை நேரத்துல சண்டை வாணாம்மா."

"அவ செவுத்துல எழுதி வெச்சது எங்க?"

"பூஜைக்கு வெள்ளையடிச்சோம்மா, போயிடுச்சு. வாங்க, ஆபீஸ்ல ஒக்காந்து பேசலாம்."

"சாமி குத்தம்னு என் வூட்ல எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இங்கயும் எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. குத்தம் சாமியுதா, எண்ணெயத் தடவச் சொன்ன உங்களுதா?"

மனுஷர் கற்பூரத் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கவிதாதான் வாயைத் திறந்தாள். "சார், இந்த சிலிண்டர நான் தொறக்க மாட்டேன். வந்த எடத்துக்கே திருப்பி அனுப்புங்க." லேப்பைப் பூட்டிவிட்டுத்தான் தீபாராதனை காட்டினார்கள்.

அது போதுமா சுமதி? எனக்குப் போதவில்லை. தான் செய்த தப்பை என் சாமி தலையில் கட்டிவிட்டு, அதே சாமிக்குச் சூடம் கொளுத்துகிற கையை நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

நாளைக்கு, நடந்ததைச் சொல்ல, முதலில் சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன். பிறகு, அன்று தலையாட்டிய ஒவ்வொரு வீட்டுக்கும். ராணியும் கூட வருகிறேன் என்றிருக்கிறாள். அந்த மேனேஜரும் நம் வீட்டு வாசலுக்கு வந்து, சொன்ன வாயாலேயே அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்வரை விடமாட்டேன். கோபத்தை ஆற்றிக்கொடு என்று அதுவரை எந்தச் சந்நிதியிலும் கேட்கமாட்டேன். சத்தியம்.

உனக்காகச் சண்டைக்குக் கிளம்பிவிட்ட,
உன் அக்கா மங்கை